நாக்கின் மேல் நடக்கும் சொல்

"ஆங்கிலத்தில் சரளமாகப் பேசத் தெரிந்திருக்க வேண்டும்."

ஆள் தேவை விளம்பரங்களில் சம்பளம் எவ்வளவு என்ற விவரம் இருக்கிறதோ இல்லையோ, இந்த வரி தவறாமல் இருக்கும். தாராவி, சயான், செம்பூர், முலுண்டு என்று மும்பையில் நம்மவர்கள் குடியிருக்கும் பகுதிகளில், இந்த ஒரு வரியைப் படித்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிடும் இளைஞர்கள் எத்தனையோ பேர். எழுதச் சொன்னால் பிழையில்லாமல் எழுதுவார்கள். கணக்கு என்றால் விரல் நுனியில் நிற்கும். கம்ப்யூட்டரில் கை பறக்கும். ஆனால் நேர்முகத் தேர்வில் எதிரே நான்கு பேர் உட்கார்ந்து, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டால் போதும், வயிற்றில் புளியைக் கரைக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

விளம்பரத்தில் வரும் ஆங்கிலச் சொல் 'ஃப்ளூயன்ட்லி'. அதை எல்லோரும் அறிவோம். ஆனால் பேச்சு தங்குதடையின்றி வருவதைச் சொல்ல ஆங்கிலத்தில் அது ஒன்றுதான் உண்டு என்பதில்லை. நாலைந்து சொற்கள் இருக்கின்றன. அவற்றில் சில பாராட்டு, சில திட்டு. எது பாராட்டு, எது திட்டு என்று தெரிந்துகொண்டால் நம் பிள்ளைகளின் பயம் பாதி தெளியும் என்பது என் எண்ணம். அந்தக் கூட்டத்தில் அதிகம் புழங்காத ஒரு சொல்தான் இன்றைய கதாநாயகன். அதன் பெயர் 'ட்ரிப்பிங்லி'.

ரயில்வே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவர்தான் இதைக் கிளப்பிவிட்டார்.

"அண்ணாச்சி, ட்ரிப்புன்னா தடுக்கி விழுறதுதானே? இந்த கைடுல, ட்ரிப்பிங்லின்னா தடங்கல் இல்லாம பேசுறதுன்னு போட்டிருக்கான். அச்சுப் பிழையா இருக்குமோ?"

"அச்சுப் பிழை இல்லை தம்பி. அகராதியைப் பாரும்" என்றேன்.

அகராதியிலும் அப்படித்தான் இருக்கிறது. இலேசாக, விரைவாக, சுலபமாக, துள்ளல் நடையில் என்று பொருள். நாக்கிலிருந்து சொற்கள் தாமாக வந்து விழுந்தால், அவை 'ட்ரிப்' ஆகி வருகின்றன என்பர். பேசுகிறவன் சொல்லைக் குழப்பித் திணறினால், அவன் சொற்களின் மேல் 'ட்ரிப்' ஆகிறான் என்பர். ஒரே வினைச்சொல், நேர் எதிரான இரண்டு பொருள். வேற்றுமை உருபு மாதிரி பின்னால் ஒட்டும் ஒரு சின்னச் சொல் மாறினால் பாராட்டு திட்டாகிவிடுகிறது. தம்பி கேட்டது நியாயமான கேள்விதான்.

முதலில் கால், பிறகு நாக்கு

இந்தச் சொல் நாக்கில் பிறந்ததல்ல, காலில் பிறந்தது.

பழைய பிரெஞ்சு மொழியில் துள்ளுவது, ஆடுவது என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. அதற்கும் முந்திய வேர் ஜெர்மானிய மொழிகளில் இருக்கிறது. பழைய டச்சு மொழியில் 'ட்ரிப்பன்' என்றால் தத்தித் தத்தி நடப்பது. ஆங்கிலேயர் அதை எடுத்துக்கொண்டபோது அதற்கு விழுவது என்ற பொருளே முதன்மையாக இல்லை. விரல் நுனியால் தரையைத் தொட்டுத் தொட்டு, பாரமில்லாமல் ஆடிப்போவதுதான் ட்ரிப். 14-ம் நூற்றாண்டில் சாசர் என்ற ஆதி ஆங்கிலக் கவி, நடனமாடுவது என்ற சொல்லோடு சேர்த்தே இதை எழுதியிருக்கிறார். 1645-ல் அச்சான மில்டனின் 'லாலெக்ரோ' கவிதையிலும் அதே ஆட்டப் பொருள்தான்.

பிறகு எப்படி விழுவதாயிற்று? யோசித்தால் வியப்பில்லை. காலை அழுந்த ஊன்றி நடப்பவனுக்குத் தடுக்குவது குறைவு. இலேசாகத் துள்ளிப் போகிறவனுக்குத்தான் கல் இடறும். ஆட்டக்காரனின் காலடியும் இடறுகிறவனின் காலடியும் ஒன்றுக்கொன்று வெகு அருகில் இருக்கின்றன. பிறர் காலை வாரிவிடுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். நம் ஆபீஸ்களில் இந்தக் கடைசிப் பொருளுக்கு உதாரணம் கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், அதை விட்டுவிடுவோம்.

பயணம் என்ற பொருள் பின்னால் வந்தது. 17-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கப்பல்காரர்கள் கிட்டத்தில் போய்விட்டு வரும் சிறு கடற்பயணத்தை ட்ரிப் என்றார்கள். அதுதான் இன்று தண்ணீர் லாரி அடிக்கும் ட்ரிப் வரைக்கும் வந்திருக்கிறது. 'ட்ராவல்' என்று இன்னொரு சொல் இருக்கிறதே, அது வேறு குடும்பம். மூன்று கழிகளை நட்டு மனிதனைக் கட்டிப்போட்டு வதைக்கும் ஒரு சித்திரவதைக் கருவியின் லத்தீன் பெயரில் தொடங்கி, பாடுபடுவது என்றாகி, பயணம் என்று முடிந்தது அந்தச் சொல். காலை எட்டரை மணிக்கு விரார் லோக்கலில் தொங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ரயில்வேயில் இந்த ட்ரிப்பின் இரட்டை வேடத்தை நாள்தோறும் பார்க்கலாம். ஒரு ரேக் இன்றைக்கு இத்தனை ட்ரிப் ஓடிற்று என்றால், வண்டி நன்றாக ஓடுகிறது என்று பொருள். மேல்மின் கம்பி ட்ரிப் ஆகிவிட்டது என்றால், மின்சாரம் போய் வண்டி நின்றுவிட்டது என்று பொருள். ஓடுவதற்கும் நிற்பதற்கும் ஒரே சொல்! கேட்பவர்கள் ஒருநாளும் குழம்பியதில்லை.

இளவரசன் நடத்திய பாடம்

காலில் இருந்த சொல்லை நாக்கில் ஏற்றிப் புகழ் தேடித்தந்தவர் ஷேக்ஸ்பியர். 'நடுவேனில் இரவுக் கனவு' என்ற அவருடைய நாடகத்தின் முடிவில், தேவதைகளின் அரசன் தன் பரிவாரத்தைப் பாடி ஆடச் சொல்கிறான். அங்கே 'ட்ரிப்பிங்லி' வருகிறது, ஆட்டத்துக்கு. அந்த நாடகம் 1600-ல் அச்சேறியது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அவர் எழுதிய 'ஹாம்லெட்' நாடகத்தில் அதே சொல் மறுபடி வருகிறது. இந்த முறை பேச்சுக்கு.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹாம்லெட் டென்மார்க் நாட்டு இளவரசன். தந்தை இறந்துபோகிறார். சிற்றப்பன் கிளாடியஸ் முடிசூடி, ஹாம்லெட்டின் தாயையும் மணந்துகொள்கிறான். தந்தையின் ஆவி வந்து, "நான் தோட்டத்தில் உறங்கும்போது உன் சிற்றப்பன்தான் என் காதில் விஷத்தை ஊற்றிக் கொன்றான்" என்கிறது. ஆவி சொன்னதை நம்புவதா வேண்டாமா? சாட்சி இல்லை. அந்த நேரத்தில் ஊர் ஊராகப் போகும் நாடகக் கோஷ்டி ஒன்று அரண்மனைக்கு வருகிறது. ஹாம்லெட்டுக்கு யோசனை பிறக்கிறது. அதே மாதிரி ஒரு கொலை நடக்கும் நாடகத்தை அரசன் முன் போடச் சொல்லி, தானே சில வரிகள் எழுதி அதில் சேர்க்கிறான். அரசனின் முகம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். நாடகத்துக்குப் பெயர் என்ன என்று அரசன் கேட்டால் 'எலிப்பொறி' என்கிறான்.

அந்த வரிகளை எப்படிச் சொல்ல வேண்டும் என்று நடிகர்களுக்கு ஹாம்லெட் கொடுக்கும் பாடம் மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியில் இருக்கிறது. நான் சொல்லிக்காட்டியபடி நாக்கின் மேல் 'ட்ரிப்பிங்லி'யாகச் சொல்லுங்கள் என்பது அதன் தொடக்கம். பிறகு எது கூடாது என்று அடுக்குகிறான். வாயை அகலத் திறந்து முழங்குவதாயிருந்தால் அதற்கு ஊர்த் தண்டோராக்காரனே போதும். கையால் காற்றை அறுக்க வேண்டாம். தரை டிக்கெட்காரர்களின் காதைப் பிளப்பதற்காகத் துணியைக் கிழிப்பதுபோல் உணர்ச்சியைக் கிழிக்க வேண்டாம். ஏரோது மன்னன் வேஷக்காரனையும் மிஞ்சிக் கத்த வேண்டாம். (பழைய பைபிள் கூத்துகளில் ஏரோது வேஷம் என்றாலே ஆர்ப்பாட்டம்தான். நம் தெருக்கூத்து இரணியனைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.) அதற்காக ஒரேயடியாக அடங்கிப்போய்ச் சப்பென்று பேசுவதும் கூடாது. சொல்லுக்குத் தக்க செய்கை, செய்கைக்குத் தக்க சொல்.

தரை டிக்கெட் என்றது என் சொந்தச் சரக்கல்ல. 1599-ல் லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் கட்டப்பட்ட குளோப் கொட்டகையில், ஒரு பென்னி கொடுத்தால் மேடைக்கு முன்னால் திறந்தவெளியில் நின்று பார்க்கலாம். அந்தக் கூட்டத்தைத்தான் தரையைக் குறிக்கும் ஒரு சொல்லால் ஹாம்லெட் குறிப்பிடுகிறான். மைக் கிடையாது, விளக்கு கிடையாது, பட்டப்பகலில் நாடகம். நிற்கும் கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமே என்று நடிகன் கத்தத்தான் பார்ப்பான். அந்தக் கொட்டகையில் நின்றுகொண்டு, கத்தாதே, நாக்கின் மேல் நடக்க விடு என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பொறியைக் குறிக்கும் 'ட்ராப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் 'ட்ரிப்'புக்கும் உறவு உண்டு என்கிறார்கள் சொல் ஆராய்ச்சிக்காரர்கள். காலடி வைப்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை. கால் வைத்தால் மாட்டிக்கொள்வது பொறி. டச்சு மொழியில் மாடிப்படிக்கே 'ட்ராப்' என்று பெயர். ஜெர்மனில் 'ட்ரெப்பெ'. ஹாம்லெட்டின் சொற்கள் இலேசாக நடந்துபோய் அரசனைப் பொறியில் மாட்டிவிட்டன. மேடையில் காதில் விஷம் ஊற்றும் கட்டம் வந்ததும் கிளாடியஸ் பதறி எழுந்து, விளக்கு கொண்டுவரச் சொல்லி வெளியேறுகிறான். அவன் முழங்கியிருந்தால் இது நடந்திருக்காது. முழக்கத்தைக் கேட்பவன் முழக்கத்தைத்தான் கவனிப்பான். இயல்பாகச் சொன்ன சொல்தான் உள்ளே போகும்.

சொல்லுக்கும் கால் உண்டு

ட்ரிப்பிங்லி என்றால் வேகமாகப் பேசுவது என்று எடுத்துக்கொள்வோர் உண்டு. அது சரியல்ல. வேகம் வேறு, இலேசு வேறு.

ஆங்கிலச் செய்யுளை அளக்கும் அளவுக்கு 'ஃபுட்' என்று பெயர், அதாவது கால். தமிழில் நாம் சீர் என்பதற்கு ஏறக்குறைய ஒப்பானது. நம் இலக்கணத்திலும் செய்யுளின் வரிக்கு அடி என்றுதானே பெயர்? அடி என்றாலும் பாதம்தான். இரண்டு மொழிக்காரர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமலே, பேச்சு நடக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் செய்யுள் வரியில் பெரும்பாலும் இப்படி ஐந்து கால்கள். ஒவ்வொன்றிலும் ஒரு இலேசான அசை, அடுத்து ஒரு அழுத்தமான அசை. ததாம், ததாம், ததாம் என்று ஐந்து முறை. இலேசான அசையைத் தொட்டும் தொடாமலும் தாண்டி, அழுத்தமான அசையில் காலை ஊன்ற வேண்டும். நாக்கின் மேல் நடப்பது என்பது வெறும் உவமையல்ல. உண்மையிலேயே அங்கே காலடிகள் இருக்கின்றன.

நாள்தோறும் பேசும் ஆங்கிலத்துக்கும் இதே நடைதான். நம்மவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இலக்கணத்தில் அல்ல, இந்த நடையில். தமிழில் குறில், நெடில், ஒற்று இவற்றுக்குத்தான் கணக்கு. ஒரு சொல்லில் ஓர் அசையை மட்டும் ஓங்கி அழுத்துவது நமக்குப் பழக்கமில்லை. ஆகவே ஆங்கிலச் சொல்லின் ஒவ்வோர் எழுத்துக்கும் சம பாரம் கொடுத்துவிடுகிறோம். 'ஃபோட்டோகிராஃப்' என்றால் முதல் அசையில் அழுத்தம். 'ஃபட்டாக்ரஃபர்' என்றால் அழுத்தம் இரண்டாவது அசைக்கு, அந்த 'டா'வுக்கு நகர்ந்துவிடுகிறது. முதல் அசை வெறும் காற்றாகிப் போகிறது. நாம் இரண்டையும் ஒரே மாதிரி, எல்லா அசையிலும் முழங்கால் பதிய நடக்கிறோம். எதிரே இருப்பவருக்குச் சொல் பிடிபடுவதில்லை. "என்ன?" என்று ஒருமுறை கேட்கிறார். அவ்வளவுதான், நம் ஆளுக்குப் படபடப்பு. படபடப்பில் வேகம் கூடுகிறது. வேகத்தில் இன்னும் தடுக்குகிறது.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். தினமும் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரே ஒரு பத்தி. வாய்விட்டுப் படிக்க வேண்டும். எந்த அசையில் கால் ஊன்றுவது என்று அகராதியில் பார்த்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். உச்சரிப்பை எழுதிக் காட்டும் அகராதிகளில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும். நம்மில் பலர் அதை அச்சு மை சிந்தியதாக நினைத்துத் தாண்டிப் போயிருப்போம்!

ஓடுவதும் உருளுவதும்

இனி மற்றச் சொற்கள். 'ஃப்ளூயன்ட்லி' தண்ணீரிலிருந்து வந்தது. ஓடுவது என்னும் பொருளுடைய லத்தீன் வினைதான் வேர். திரவத்தைக் குறிக்கும் 'ஃப்ளூயிட்', நம்மைப் படுக்கையில் போடும் 'ஃப்ளூ' காய்ச்சல், செல்வச் செழிப்பைக் குறிக்கும் 'ஆஃப்ளூயன்ட்' எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பணமும் பேச்சும் ஆங்கிலத்தில் ஒரே ஆற்றில் ஓடுகின்றன. ஆனால் ஓட்டத்துக்கு ஆங்கிலேயர் சொல்லும் 'ஃப்ளோ' இந்தக் குடும்பம் இல்லை. அது ஜெர்மானிய வழியில் வந்த வேறு சொல். முகஜாடை மட்டும் ஒன்றாக இருக்கிறது.

தமிழனுக்கும் இந்தத் தண்ணீர் உவமை புதிதல்ல. ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு என்கிறோம். மடை திறந்த வெள்ளம் போல் பேசினார் என்கிறோம். நன்னூலில் பவணந்தி முனிவர் சூத்திரங்கள் அமையும் முறையை நான்காகச் சொல்லும்போது ஒன்றை ஆற்றொழுக்கு என்றார், இன்னொன்றைத் தவளைப் பாய்த்து என்றார். அவர் பேச்சைப் பற்றிச் சொல்லவில்லைதான். இருந்தாலும் ஃப்ளூயன்ட்லிக்கு ஆற்றொழுக்கையும் ட்ரிப்பிங்லிக்குத் தவளைப் பாய்த்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை.

'வால்யுபிலி' என்று ஒன்று. உருளுவது என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பேச்சு உருண்டு உருண்டு வந்துகொண்டே இருக்கும், நிற்காது. கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறவர் என்ற குத்தல் இதில் உண்டு. புத்தகத்தைக் குறிக்கும் 'வால்யூம்' இதன் உடன்பிறப்பு, முற்காலத்தில் புத்தகம் சுருளாக உருட்டி வைக்கப்பட்டதால். நாடக நடிகனின் வேஷத்துக்கு 'ரோல்' என்று பெயர் வந்ததும் உருளையால்தான். ஷேக்ஸ்பியர் காலத்து நடிகனிடம் முழு நாடகத்தையும் கொடுக்க மாட்டார்கள். அவன் பேச வேண்டிய வரிகளை மட்டும் நீளத் தாளில் எழுதிச் சுருட்டிக் கொடுப்பார்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களும் உலக ஆங்கிலத்தை முழுக்கக் கற்றுக்கொண்டு போக வேண்டியதில்லை. தன் ஊர், தன் படிப்பு, தான் செய்த வேலை என்று தன் சுருளைத் தானே எழுதிக்கொண்டால் போதும்.

வழுக்குகிற நாக்கு

கடைசியாகத் திட்டுச் சொல்லுக்கு வருகிறேன். 'க்ளிப்லி'. வழுவழுப்பு, வழுக்கல் என்று பொருள்படும் வட ஜெர்மானியச் சொல்லோடு இதற்குத் தொடர்பு கூறுவர். 16-ம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் தலைகாட்டியது. தொடக்கத்தில் வெறுமனே வழவழப்பு என்றுதான் பொருள். சீக்கிரமே, மனத்தில் இல்லாததை வாயால் வழுக்கிப் பேசுவது என்றாயிற்று.

இதற்கு உதாரணம் காட்டவும் அதே ஷேக்ஸ்பியர்தான் வருகிறார். 1608-ல் அச்சான 'லியர் மன்னன்' நாடகத்தில், முதுமையடைந்த அரசன் ராஜ்யத்தை மூன்று பெண்களுக்கும் பங்கு வைக்க உட்காருகிறான். யார் என்மேல் அதிகம் அன்பு வைத்திருக்கிறீர்கள், சொல்லுங்கள் என்று கேட்கிறான். இதுவும் ஒரு நேர்முகத் தேர்வுதான்! மூத்தவள் கானரில் பொழிந்து தள்ளுகிறாள். இரண்டாமவள் ரீகன் அதற்கும் ஒருபடி மேலே போகிறாள். இருவருக்கும் ஆளுக்கொரு பங்கு. கடைக்குட்டி கார்டீலியா சொல்ல ஒன்றுமில்லை என்கிறாள். கடமைப்படி அன்பு வைத்திருக்கிறேன், கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்கிறாள். அரசனுக்குக் கோபம். அவள் பங்கையும் மற்ற இருவருக்கே கொடுத்து, அவளைச் சீதனம் இல்லாமல் அனுப்பிவிடுகிறான். அப்போது அவள் சொல்லும் விளக்கத்தில்தான் இந்தச் சொல் வருகிறது. செய்ய நினைக்காததைப் பேசும் அந்த வழுக்குக் கலை, எண்ணெய்க் கலை எனக்குத் தெரியாது என்கிறாள்.

பின்னால் நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். நன்றாகப் பேசிய இரு பெண்களும் தகப்பனைப் புயல் மழையில் வெளியே விடுகிறார்கள். பேசத் தெரியாதவள்தான் படை திரட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். தேர்வு நடத்துகிற நாற்காலியில் உட்காருபவர்கள் ஒருமுறையாவது இந்த நாடகத்தைப் படித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வாய் வழுக்கினவனுக்கு மார்க்கும், யோசித்துப் பேசினவனுக்கு முட்டையும் போடும் லியர் மன்னர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

ஆங்கிலப் பேச்சில் பெயர் வாங்கிய தமிழர் என்றால் பழைய தலைமுறைக்காரர்கள் உடனே சொல்வது வலங்கைமான் வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியார் பெயரை. கும்பகோணம் பக்கத்தில் வறிய புரோகிதர் குடும்பத்தில் 1869-ல் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தார். கோகலே 1905-ல் புனேயில் தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தில் 1907-ல் சேர்ந்து, கோகலே மறைந்த பின் அதன் தலைவரானார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் வெள்ளி நாக்குச் சொற்பொழிவாளர் என்று அவரை ஆங்கிலேயரே புகழ்ந்தார்கள். கையால் காற்றை அறுத்து வாங்கிய பெயரல்ல அது. சொல்லைப் பொறுக்கி எடுப்பதாலும், உச்சரிப்பில் காட்டிய கறாராலும் வந்த பெயர். ஹாம்லெட் கேட்ட நடிகர் கிடைத்துவிட்டார் என்று சொல்லலாம். அரசியலில் மிதவாதி என்று அவரைக் குறை சொன்னவர்கள் ஏராளம், அது தனி விவகாரம்.

தொடக்கத்தில் சொன்ன விளம்பர வரிக்கு வருவோம். அதை நாம் 'சரளமாக' என்று மொழிபெயர்க்கிறோம். இது வடமொழியிலிருந்து வந்தது. அங்கே இதற்கு நேரான, கோணலில்லாத, கபடமற்ற என்று பொருள். இந்தியில் 'சரல்' என்றால் எளிது. மலையாளத்திலும் கன்னடத்திலும் அப்படியே. மராட்டியில் வழி கேட்டால் "சரள் ஜா" என்கிறார்களே, அது நேராகப் போ என்பதுதான். நேராகப் பேசுவதைச் சொன்ன சொல், நம் கைக்கு வந்ததும் தடையில்லாமல் பேசுவதாகிவிட்டது. அந்தப் பழைய பொருளில் பார்த்தால் கார்டீலியாதான் சரளமாகப் பேசியவள்.

சரி, மராட்டிக்காரர்கள் இந்த ஃப்ளூயன்ட்லிக்கு என்ன சொல்கிறார்கள்? பக்கத்து மேஜை மராட்டி நண்பரைக் கேட்டேன். 'அஸ்கலித்' என்றார். வடமொழியில் 'ஸ்கல்' என்றால் இடறுவது, கால் தடுக்குவது. முன்னால் 'அ' போட்டால் தடுக்காதது. ஆங்கிலேயன் எந்தச் சொல்லுக்குத் தடுக்குவது என்றும் பொருள் வைத்தானோ அதையே பாராட்டாக்கினான். மராட்டியர் தடுக்காமல் இருப்பதைப் பாராட்டாக்கினார்கள். இரண்டு பேரும் காலைப் பார்த்துத்தான் நாக்குக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னதும், நண்பர் சிரித்துவிட்டு, அவசரமாகக் கையெழுத்தாக வேண்டிய ஒரு ஃபைலை என் பக்கம் தள்ளினார்.